விதை தூங்கட்டும், மழை எழுப்பட்டும்!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவன்

குளத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டில் பருவமழைக்கு முன்னரே புழுதியில் விதைத்துவிடுவார்கள். மழை வந்ததா, வந்ததா என்று அந்த விதை நிமிடத்துக்கொரு முறை தலையை நீட்டிப் பார்ப்பதில்லை. ஈரம் பட்டால் விழிக்கும், அதுவரை தூங்கும். கணினிக்கும் இதைக் கற்றுக்கொடுக்கலாம் என்றால், என் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த என்னைப் பார்த்து அப்பா சிரிக்கிறார். நீங்களும் சிரிப்பீர்களோ?

நம் ஆய்வக மூலையில் 512 எம்.பி. நினைவகம் கொண்ட கணினி ஒன்று, பழைய இரும்புக்காரரை எதிர்நோக்கிக் கிடந்தது. ஆசிரியரின் அனுமதி பெற்று அதில் வரைகலைத் திரை இல்லாத லினக்ஸை ஏற்றினேன். வீட்டில் கணினி இல்லாதவர் நம்மில் பலர். பேருந்தில் வரும்போதே கைப்பேசியில் சி நிரல் எழுதுகிறோம். அதை ஆய்வக வைஃபை வழியே ஒரு கோப்புறையில் போட்டால், கணினி தொகுத்துப் பார்த்துப் பிழைகளை எழுதிவைக்க வேண்டும். இணையத்தில் அதற்கு வசதி உண்டே என்பர் சிலர். ரீசார்ஜ் முடிந்த கைப்பேசியிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்!

முதலில் 'கிரான்' கொண்டு நிமிடத்துக்கொரு முறை எல்லாக் கோப்புறைகளையும் துழாவ வைத்தேன். ஒருவரும் ஒன்றும் அனுப்பாத இரவிலும் அது துழாவியது. பிறகுதான் 'ஐநோட்டிஃபை' பற்றிப் படித்தேன். 2005-இல் லினக்ஸ் கெர்னலின் 2.6.13 பதிப்பில் சேர்ந்த வசதி அது. "இந்தக் கோப்புறையில் ஏதேனும் நடந்தால் எழுப்பு" என்று கெர்னலிடம் சொல்லிவிட்டு நம் நிரல் தூங்கிவிடும். தூங்கும்வரை செயலிக்கு அதனால் வேலையில்லை. இன்றைய பெரிய தானியக்கச் செயலிகள் சிலவோ, வேலை தொடங்குமுன்பே இதன் நினைவகம் முழுவதையும் விழுங்கிவிடும்.

ஆனால் ஒரு தவறு செய்தேன். கோப்பு 'உருவானது' என்ற செய்திக்கே விழிக்கும்படி எழுதிவிட்டேன். பாதி வந்து சேர்ந்த நிரலை அது தொகுத்து, சரியாக எழுதிய தோழி ஒருவருக்குப் பிழைப்பட்டியல் நீட்டியது. இல்லாத பிழையை அவர் ஒரு நாள் முழுதும் தேடினார். 'எழுதி மூடப்பட்டது' என்ற செய்திக்கன்றோ காத்திருக்க வேண்டும்!

மின்வெட்டு வேறு. மின்சாரம் திரும்பியதும், முன்னமே வந்து கிடக்கும் கோப்புகளை ஐநோட்டிஃபை சொல்லாது. நிரல்தான் எழுந்தவுடன் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். நாற்பது பேர் ஒரே நேரத்தில் அனுப்பி, நாற்பது தொகுப்பிகள் ஓடினால் இந்த நினைவகம் தாங்காது. ஆகவே ரேஷன் கடை வரிசைபோல ஒன்று முடிந்தபின் அடுத்தது.

இதனால் எல்லாம் முடியும் என்று சொல்லவரவில்லை. காணொளி வேலைக்கு இது ஆகாது. ஆனால் புதிய கணினிகள் வரும்வரை நம் பயிற்சி காத்திருக்க வேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன். பொருள் அறையில் இன்னும் சில பழைய கணினிகள் இருக்கின்றன. துறைக்கு ஒன்று கேட்டு எழுதிய விண்ணப்பம் ஆசிரியர் மேசைமீது இருக்கிறது. கையெழுத்திட அதில் இன்னும் இடமுண்டு, நண்பர்களே!