இடா நோடாக் கேட்ட கேள்வி

அணுக்கருப் பிளவு என்றதும் ஓட்டோ ஹானின் பெயர்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த எண்ணத்தை முதலில் அச்சில் வைத்தவர் ஜெர்மன் வேதியியலாளர் இடா நோடாக். 1925இல், பின்னாளில் தன் கணவரான வால்டர் நோடாக், ஓட்டோ பெர்க் ஆகியோருடன் ரீனியம் தனிமத்தைக் கண்டறிந்தவர் அவர். யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கிய என்ரிகோ ஃபெர்மி, 93ஆம் தனிமம் உருவாகியிருக்கலாம் என்று 1934இல் அறிவித்தார். விளைபொருளை ஈயம் வரையிலான கனமான தனிமங்களோடு மட்டும் ஒப்பிட்டது போதாது, மற்ற எல்லாத் தனிமங்களையும் சோதிக்க வேண்டும் என்றார் இடா. கரு சில பெரிய துண்டுகளாக உடைந்திருக்கலாமே என்றும் அதே ஆண்டில் எழுதினார். யாரும் பொருட்படுத்தவில்லை. 1938 டிசம்பரில் ஹானும் அவருடன் பணியாற்றிய ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்திலிருந்து பேரியம் பிறப்பதைக் கண்டார்கள்; இடா சொன்னபடி கரு உடைந்திருந்தது.

இடா சோதனை செய்து காட்டவில்லையே என்பார்கள், உண்மைதான். 43ஆம் தனிமத்தையும் கண்டதாக அவர் குழு சொன்னது நிரூபிக்கப்படாததால், அவர் சொல்லுக்கு மதிப்புக் குறைந்திருந்தது என்பதும் சரியே. ஆனால் அவர் நோபல் பரிசு கேட்கவில்லை; வேதியியலில் வழக்கமான ஒரு சரிபார்ப்பைக் கேட்டார். அதைச் செய்யும் கடமை புதிய தனிமத்தை அறிவித்தவர்களுடையது. சொன்னவரின் பழைய பிழையைப் பார்த்துக் கேள்வியையே ஒதுக்கியது அறிவியல் ஆகாது. ஹானுக்கு 1944ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் கிடைத்தது. பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் இடாவுக்கு அது கிடைக்கவே இல்லை.