கருவியும் கையும்: நடுங்கிய முள்

சென்ற திங்கள் இப்பகுதியில் மின்விசிறியின் முனகலைப் பற்றி எழுதியதைக் கண்டு அன்பர் பலர் தத்தம் வீட்டு விசிறிகளின் குறைகளை அஞ்சலில் அனுப்பியிருக்கின்றனர். அவற்றுக்கு விடை கூறுவதற்குள் வேறொரு விஷயம் குறுக்கிட்டுவிட்டது. அது நம் சங்கத்து அன்பர் எவரிடமும் இல்லாத ஒரு பொருளைப் பற்றியது. கூரை மடக்கும் இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். அதனால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். நம்மவர் பிள்ளை ஒருவனுடைய கூலி அந்தக் காரில் சிக்கிக்கொண்டிருந்தது.

தாராவியிலிருந்து தம் இளைய மகளைச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழைத்து வரும் அக்கா ஒருவர், வகுப்பு முடியும்வரை வெளித் திண்ணையில் அமர்ந்திருப்பது வழக்கம். சில வாரங்களுக்கு முன் அவர் முகம் வாடியிருக்கக் கண்டு விசாரித்தோம். "தம்பி, பெரியவன் மீட்டரை உடைச்சிட்டானாம். மாசம் 2,000 வீதம் ஆறு மாசம் பிடிப்போம்னு சொல்லிட்டாங்க. ஒரு மாசம் பிடிச்சும் ஆச்சு" என்றார். மூத்தவனுக்கு வயது பத்தொன்பது. மும்பை நகரத்துக் காரேஜ் ஒன்றில் மூன்றாண்டுகளாக வேலை பழகுகிறான். அந்தக் காரேஜின் பெயர் இங்கு வேண்டியதில்லை.

மறுநாள் மாலை பையனை வரவழைத்துக் கேட்டோம். கார் ஒரு பார்சிப் பெரியவருடையது, எம்.ஜி.பி. என்னும் பிரிட்டிஷ் வண்டி. இவ்வகைக் கார் 1962ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கி, இங்கிலாந்தின் ஆபிங்டன் என்ற ஊரிலிருந்த தொழிற்சாலையில் 1980 வரை செய்யப்பட்டது. மீட்டருக்குள் இருக்கும் சிறு பல்பு எரியவில்லை என்று பெரியவர் வண்டியை அனுப்பியிருக்கிறார். பையன் மீட்டரைக் கழற்றிப் பல்பை மாற்றி மீண்டும் பொருத்தினான். வண்டி வீடு போய்ச் சேர்ந்த அன்றே பெரியவர் தொலைபேசியில், "முள் பைத்தியம் பிடித்ததுபோல ஆடுகிறது" என்று கூறிவிட்டார். கழற்றியவன் பையன், ஆகவே கீழே போட்டு உடைத்தவனும் பையனே என்று காரேஜில் தீர்ப்பாயிற்று.

"அண்ணாச்சி, நான் கீழே போடவே இல்ல" என்றான். நாம் லோகோ ஷெட் அலுவலகத்தில் கோளாறு ஏடு எழுதிக் காலம் கழிப்பவர். ஏட்டில் 'மீட்டர் சரியில்லை' என்று மட்டும் எழுதித் தருகிறவர்களிடம் நாம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: எப்படிச் சரியில்லை? அதையே பையனிடமும் கேட்டோம். முள் அசையவேயில்லையா, ஆடுகிறதா, உச்சிக்குப் போய் நிற்கிறதா, ஒழுங்காக நின்று பொய் சொல்லுகிறதா? ஆடுகிறது என்றதற்கு மேல் அவனுக்கும் தெரியவில்லை. காரேஜில் எவரும் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை.

இவ்விடத்தில் வேகமானி வேலை செய்யும் விதத்தைச் சற்று விளக்கிவிடுதல் நலம். இக்காலத்து வண்டிகளில் மின்னணு உணர்கருவி இருக்கிறது. பழைய வண்டிகளின் முறை வேறு. கியர்பாக்ஸிலுள்ள ஒரு சிறு பற்சக்கரம் நீண்ட உருக்குக் கம்பி ஒன்றைச் சுழற்றுகிறது. கம்பி ஓர் உறைக்குள் கிடந்து மீட்டர்வரை செல்கிறது. அங்கே அதன் முனை ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தை ஒட்டி, அதனைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் காந்தம் சுழலும்போது அதனருகிலுள்ள உலோகத்தில் மின்னோட்டம் பிறந்து, கிண்ணமும் காந்தத்தைப் பின்பற்றித் திரும்ப முயலுகிறது. மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று அதனைப் போகவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. வேகம் ஏற ஏற இழுப்பு மிகும். கிண்ணத்தோடு இணைந்த முள்ளும் ஏறும். இம்முறைக்கு 1902ஆம் ஆண்டில் ஓட்டோ ஷுல்ட்சே என்ற ஜெர்மானியர் காப்புரிமை பெற்றார். ஓடிய தூரத்தைக் காட்டும் எண் சக்கரங்களோ காந்தத்தை நம்பியிருப்பவையல்ல. அதே கம்பியினால் பற்சக்கரங்களின் வழியே நேராகச் சுழலுபவை. இந்த வேற்றுமையை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பையனுடைய வழக்கு முழுவதும் இதன்மேல் நின்றது.

பெரியவரை நேரிற் சென்று கண்டோம். வயது எழுபதைக் கடந்தவர். குரல் உரத்தது, மனம் மெத்தென்றது. பையனுடைய கூலியிற் பிடிக்கிறார்கள் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. ஞாயிறு காலை பன்வெலுக்கு அப்பால் பழைய புனே சாலையில் ஓட்டிப் பார்க்க உடனே இசைந்தார். வண்டியில் இருக்கைகள் இரண்டே. ஆதலால் சாலையோரத் தேநீர்க் கடையில் இறக்கிவிடப்பட்டவர் நாமே. பையனிடம் நமது கைக்கடிகாரத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்து, கிலோமீட்டர் கற்களைப் பார்த்து எழுதச் சொல்லியனுப்பினோம். ரயில் ஓட்டுநர்கள் தண்டவாளத்தோரக் கற்களைக் கொண்டு செய்யும் கணக்குத்தான் இது: 3600ஐ ஒரு கிலோமீட்டருக்குப் பிடித்த விநாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும்.

மூன்றாவது கோப்பைத் தேநீரில் வண்டி திரும்பி வந்தது. பையன் எழுதியிருந்த அந்த ஒரு பக்கத்தை நாம் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம். ஒரே சீராக ஓட்டிய மூன்று கிலோமீட்டருக்கும் முறையே 72, 71, 73 விநாடிகள். அஃதாவது மணிக்கு 50 கிலோமீட்டர்; மைலிற் சொன்னால் 31. அவ்வேளையில் முள் 20க்கும் 40க்கும் இடையே ஊஞ்சலாடியிருக்கிறது. மெதுவாகச் செல்லும்போது ஆட்டம் மிகுதி. விரைவில் சற்றுக் குறைவு. வண்டி நின்றவுடன் முள் தன்னிடத்தில் வந்து படிந்துவிட்டது. 16 கற்களைக் கடந்தபோது தூரம் காட்டும் எண் 9.9 மைல் ஏறியிருந்தது. 16 கிலோமீட்டர் என்பது 9.94 மைல்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தூரம் சரியாக இருப்பதனால் பற்சக்கரமும் டயரும் குற்றமற்றவை. நின்றதும் முள் இடம் சேருவதனால் சுருள்வில் நலமாயிருக்கிறது. ஆட்டத்தின் நடுப்புள்ளி 30. உண்மை வேகமோ 31. ஆகவே காந்தமும் கிண்ணமும் தம் கடமையைச் செய்கின்றன. கீழே விழுந்து நொறுங்கிய மீட்டர் இவ்வளவு நாணயமாக நடந்துகொள்ளாது. எஞ்சியிருப்பது கம்பி. வறண்டோ முறுக்கேறியோ மடங்கியோ போன கம்பி உறைக்குள் ஒரு கணம் சிக்கித் தயங்கும்; பின்பு சேர்த்துவைத்த முறுக்கையெல்லாம் ஒருசேர விட்டுப் பாயும். சுற்றுகளின் மொத்தம் மாறாது. ஆதலால் தூரம் பிழைக்காது. முள் மட்டும் ஆடும்.

இதனைப் பையன் நமக்குச் சொன்னானே தவிர நாம் அவனுக்குச் சொல்லவில்லை. நமது பங்கு நோட்டுப் புத்தகத்தோடு முடிந்தது.

பெரியவர் வீட்டு முற்றத்திலேயே கம்பியை உருவினார்கள். பையன் அதனை ஊஞ்சற் கயிறுபோல வளைத்துத் தொங்கவிட்டு ஒரு முனையை விரலால் மெல்ல உருட்டினான். நல்ல கம்பியானால் மறுமுனையும் மெல்ல உருள வேண்டும். இது அசையாமல் நின்று, பின்பு மீன் துள்ளுவதுபோல ஒரு துள்ளுத் துள்ளியது. நடுவில் ஓரிடத்தில் மடிந்த தழும்பு. கிரீஸ் இருந்ததற்கு அடையாளமேயில்லை, துருப்பொடிதான் இருந்தது. உறையைத் தடவிப் பார்த்தபோது, எஞ்சினுக்குப் பின்புறத் தகட்டினருகே அது முழங்கை மடக்கியதுபோல ஒடித்து வளைக்கப்பட்டுக் கம்பியினாற் கட்டப்பட்டிருந்தது. இந்த உறையை 6 அங்குல அரைவிட்டத்திற்குக் குறைவாக வளைக்கலாகாது.

அங்கே கைவைத்தவர் யார்? இந்த வண்டியில் கிளச் தட்டை மாற்றவேண்டுமாயின் எஞ்சினையே வெளியே தூக்கியாக வேண்டும். பல்பு மாற்றுவதற்கு மூன்று வாரம் முன்னர் அந்த வேலை நடந்திருக்கிறது. செய்தவர் தலைமை மேஸ்திரி. அதன்பின் வண்டி மழையிற் போர்த்தியபடியே நின்றது. பல்புக்காகக் காரேஜுக்குப் போய் வந்ததுதான் முதல் ஓட்டம். பெரியவர் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

குர்லாவில் பழைய கம்பியை அளவாகக் காட்டிப் புதியது வாங்கினான். விலை சில நூறு ரூபாய். உறையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி உலர்த்தினான். கம்பிக்குக் கிரீஸை மெல்லிதாகத் தடவி உள்ளே செலுத்தியபின், மீட்டர்ப் பக்கம் 8 அங்குலம் மீண்டும் வெளியே இழுத்துத் துடைத்தான். இது பலர் செய்யாமல் விடுவது. அள்ளிப் பூசிய கிரீஸ் சுழற்சியில் மேலேறி மீட்டருக்குள் புகுந்தால் காந்தமும் கிண்ணமும் ஒட்டிக்கொள்ளும். முள் உச்சிக்கு ஓடும். அப்போது மெய்யாகவே மீட்டர் கெட்டதாகும். கம்பியின் முனை உறைக்கு வெளியே ஒரு அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு நீட்டியிருக்குமாறு பார்த்து, உறையை அகன்ற வளைவாக விட்டுப் பொருத்தினான். மாலையில் ஓட்டியபோது முள் 31ல் நின்றது. பெரியவர் மூன்று முறை குரல்கொடுத்துச் சிரித்தார்.

முள் ஆடாமலே பொய் சொல்லும் வண்டி வைத்திருப்போர்க்கு ஒரு வார்த்தை. டயரையோ கியர்பாக்ஸையோ மாற்றிய பழைய வண்டிகளில் இது நேரும். இவ்வகை பிரிட்டிஷ் மீட்டர்களின் முகத்தில் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கம்பி எத்தனை சுற்றுச் சுற்றவேண்டும் என்பது அதன் பொருள். மீட்டரிலிருந்து கம்பியைக் கழற்றி, அதன் முனையில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி, பின்சக்கரத்தில் சாக்கட்டியால் கோடிட்டு, சக்கரம் சரியாக 6 சுற்று வருமாறு வண்டியை நேராகத் தள்ளுங்கள். கம்பி சுற்றிய எண்ணிக்கையை 1680ஆல் பெருக்கி, சக்கர நடுவிலிருந்து தரைவரையுள்ள அங்குலங்களால் வகுக்க வேண்டும். உதாரணமாக, 12 சுற்று, 14 அங்குலம் எனின் 1440. மீட்டரில் அச்சிட்ட எண்ணும் இதுவும் ஒவ்வாவிடின் குற்றம் மீட்டருடையதன்று; அதற்கு வேறு சோறு ஊட்டப்படுகிறது.

கூலிக் கதையை முடித்துவிடுகிறோம். பொருள் சேதத்திற்காகக் கூலியிற் பிடிக்குமுன் தொழிலாளியிடம் விளக்கம் கேட்டாக வேண்டும் என்பது 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டத்திலேயே இருந்த விதி. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதனைக் கைவிடவில்லை. அதனை ஒரு தாளில் எழுதிப் பையன் சட்டைப்பையில் வைத்தனுப்பினோம். எடுக்க வேண்டியிருக்கவில்லை. பெரியவர் பழைய கம்பியையும் பையன் எழுதிய பக்கத்தின் படியையும் எடுத்துக்கொண்டு தாமே காரேஜுக்குச் சென்றார். பிடித்தம் நின்றது. பிடித்த 2,000ல் 1,000 கைக்கு வந்துவிட்டது. மீதியைத் தீபாவளிக்குச் சேர்த்துத் தருவதாக முதலாளி கூறியிருக்கிறார். தவறு என்ற சொல்லை எவரும் உச்சரிக்கவில்லை. மேஸ்திரி இரண்டு வாரம் பையனோடு பேசாதிருந்து, இப்போது பேசுகிறாராம்.

"மீதி 1,000 வருமா தம்பி?" என்று அக்கா சென்ற ஞாயிறும் கேட்டார். நாமும் தீபாவளியை எதிர்பார்த்திருக்கிறோம்.

மின்விசிறி அன்பர்களுக்கு அடுத்த இதழில் விடை கூறுவோம். எழுதுவோர் 'ஓடவில்லை' என்று மட்டும் எழுதாமல், எவ்வாறு ஓடவில்லை என்பதையும் எழுதியனுப்புக.