மதிப்பெண் ஏறினால் நோய் தீர்ந்ததா?

கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே என்ன சொல்லவந்தோம் என்பது மறந்துபோகிறது. ஒரே மின்னஞ்சலை மூன்று முறை படித்தாலும் மனத்தில் நிற்பதில்லை. ஸ்வீடனில் வேலையழுத்தத்தால் உடைந்துபோய், மாதக்கணக்கில் நோய்விடுப்பில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. ஆறு மாதமாவது நீடித்த அழுத்தத்தால் உடலும் மனமும் ஓய்ந்துபோகும் இந்த நிலையை அந்நாட்டுச் சுகாதார வாரியம் 2003-ல் தனி நோயாக வரையறுத்தது. மறதியும் கவனம் நிலைக்காமையும் அதன் அறிகுறிப் பட்டியலிலேயே உண்டு.

கணினிவழி நினைவுப் பயிற்சி பேர்பெற்றதும் அதே நாட்டில்தான். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் டோர்கெல் க்ளிங்பெர்க் கவனக்குறைவுள்ள குழந்தைகளிடம் சோதித்த பயிற்சி, ‘காக்மெட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். அதே வரிசையில் தொட வேண்டும். எண்களைக் கேட்டுக் கடைசியிலிருந்து சொல்ல வேண்டும். சரியாகச் செய்தால் அடுத்தது கடினமாகும், தவறினால் எளிதாகும். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம். ஒரு பக்கம் படித்தாலே படுத்துவிடுகிறவருக்கு இது சின்ன வேலையல்ல.

பயிற்சியால் பலன் உண்டா? பயின்ற விளையாட்டிலும் அதை ஒத்த சோதனைகளிலும் உண்டு. அதைத் தாண்டி அன்றாட வாழ்க்கைக்கு அந்தத் திறன் வந்து சேர்கிறதா என்பதில்தான் சிக்கல். அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்து அலசிய மோனிகா மெல்பி-லெர்வாகும் சார்ல்ஸ் ஹுல்மும் 2013-ல் இதே ஐயத்தை எழுப்பினார்கள். மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற ‘லுமாசிட்டி’, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில் 2016-ல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

நோய்விடுப்பில் இருப்பவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு வட ஸ்வீடனின் ஊமியோ நகரில் நடந்தது. 24 வார மறுவாழ்வுச் சிகிச்சையோடு, ஒரு பிரிவினருக்கு 12 வாரம் கணினிப் பயிற்சியும் இன்னொரு பிரிவினருக்கு மூச்சிரைக்கும் உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்குச் சிகிச்சை மட்டும். கணினியில் பயின்றவர்களின் சிந்தனைத் திறன் சிறிதளவு மேம்பட்டது. மனநலத்திலும் வேலைத்திறனிலும் மூன்று பிரிவினருமே தேறினார்கள். ஆனால் அந்த இரண்டிலும் கணினிப் பயிற்சி தனியாக எதையும் கூட்டித் தரவில்லை.

சிந்தனைத் திறன் சிறிதளவு தேறுவதை நான் மட்டம்தட்ட மாட்டேன். ‘என் மூளையே போய்விட்டது’ என்று நம்பி அஞ்சுகிறவருக்கு, இன்று நேற்றைவிட இரண்டு எண் கூடுதலாக நினைவில் நின்றது என்பது பெரிய ஆறுதல். நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. பயிற்சி நோயாளியின் தலையைத் திருத்தப் பார்க்கிறது. தலையை ஓயவைத்த வேலையோ அப்படியே காத்திருக்கிறது.

2008 முதல் ஸ்வீடனின் நோய்விடுப்புக் காப்பீட்டு விதி நாள்கணக்கில் இயங்குகிறது: 90 நாள்வரை பழைய வேலையைச் செய்ய முடியுமா என்பது கேள்வி, அதன்பின் அதே முதலாளியிடம் வேறு வேலை முடியுமா என்பது, 180 நாளுக்குப் பின் பொதுவாகச் சந்தையில் கிடைக்கும் எந்த வேலையாவது முடியுமா என்பது. விலக்குகள் உண்டு. என்றாலும் காலண்டர் துரத்தும் இந்த ஏற்பாட்டில், திரையில் ஏறும் மதிப்பெண் ‘தேறிவிட்டார்’ என்பதற்குச் சான்றாகிவிடக் கூடாது. கட்டம் தொடும் திறனும் எட்டு மணி நேர அலுவலகத்தைத் தாங்கும் திறனும் ஒன்றல்ல.

நோய்விடுப்பு 60 நாளாவது நீளும் என்று தெரிந்தால், நோயாளி வேலைக்குத் திரும்பும் திட்டத்தை முதலாளி 30 நாளுக்குள் எழுதித் தர வேண்டும் என்று 2018-ல் சட்டம் வந்தது. எந்த வேலை குறைக்கப்படும், யார் அதை ஏற்பார் என்று அந்தத் தாளில் எழுதப்படாதவரை, நோயாளியைக் கணினிமுன் உட்காரச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.