வெற்றுக் கட்டத்தை நிரப்புவது யார்?

மின்சார மீட்டரின் கணக்கு சில நாள் விடுபட்டுப் போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கிறார்கள். பாட்டாளி மக்கள் இதற்கு 2020-ஆம் ஆண்டிலேயே விடை கண்டுவிட்டனர்.

அந்த ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு வந்தது. மீட்டர் பார்க்க ஆள் வரவில்லை. முந்தைய பில் தொகையையே கட்டுங்கள் என்றது மின்வாரியம். பின்னர் நான்கு மாதத்துக்கும் சேர்த்துக் கணக்கெடுத்து, யூனிட்டை இரண்டாகப் பிரித்து, முன்பு கட்டிய பணத்தைக் கழித்து பில் போட்டது. பணத்தைக் கழித்தால் போதாது, அந்தப் பணத்துக்குரிய யூனிட்டைக் கழிக்க வேண்டும் என்று மக்கள் வாதாடினர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. வாரியத்தின் முறை செல்லும் என்று ஜூலையில் தீர்ப்பாயிற்று.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? கணக்கு விடுபட்ட இடம் காலியாகவே இருப்பதில்லை. யாரோ ஒருவர் அதை நிரப்புகிறார். நிரப்பும் விதி யார் கையில் இருக்கிறதோ, அவர் பக்கமே பில் சாயும்.

இப்போது ஸ்மார்ட் மீட்டர் வருகிறது. ஒன்றிய சர்க்கார் 2021-இல் தொடங்கிய திட்டம் நாடெங்கும் 25 கோடி மீட்டர் மாட்டுவதை இலக்காகக் கொண்டது. சென்னை தியாகராய நகரில் லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு முன்பே மாட்டியாயிற்று. தமிழ்நாட்டில் ஒரு பெரிய டெண்டர், கேட்ட விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்தாயிற்று. ஆனாலும் சேலம், நாமக்கல் வீடுகளுக்கு அது வரும் நாளுக்கு நாம் இப்போதே தயாராக வேண்டும்.

இந்த மீட்டர் அரை மணிக்கு ஒரு முறை குறித்தால் நாளைக்கு 48 குறிப்பு. கால் மணிக்கு ஒரு முறை என்றால் 96. அவை காற்றலை வழியே தலைமைக் கம்ப்யூட்டருக்குப் போகின்றன. சிக்னல் இல்லையென்றால் குறிப்பு போய்ச் சேராது. மின்சாரம் நின்ற நேரத்தில் செலவு பூஜ்யம். சிக்னல் நின்ற நேரத்தில் விளக்கும் எரியும், தறியும் ஓடும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கும் மென்பொருள் பொய்க் கணக்கே எழுதும்.

நூற்றுக்கு 99 குறிப்பு வந்துவிட்டது என்று கம்பெனிக்காரர் பெருமை பேசலாம். ஆயிரம் வீட்டுக்கு ஒரு நாளில் 48,000 குறிப்பு. அதில் ஒரு சதவீதம் 480. அந்த 480-ம் பத்து வீட்டின் மேலேயே விழுந்தால், அந்தப் பத்து வீட்டுக்கு அன்று முழுதும் கணக்கே இல்லை! ஆகவே சதவீதம் போதாது. எந்த மீட்டர், எத்தனை மணி நேரம் என்று தினந்தோறும் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் மட்டும் விடுபட்டால் மீட்டரைச் சோதி. தெரு முழுதும் விடுபட்டால் சிக்னல் பெட்டியைச் சோதி.

மொத்த யூனிட் மீட்டரிலேயே இருக்கிறதே, பிறகென்ன பயம் என்பார்கள். மொத்தம் இருக்கும், எந்த நேரத்தில் செலவாயிற்று என்பது இராது. 2022 செப்டம்பர் கட்டண ஆணைப்படி உயரழுத்த ஆலைகளுக்கு உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல், இரவில் 5 சதவீதத் தள்ளுபடி. இரவு ஓடிய யூனிட்டை மாலைக் கணக்கில் எழுதினால் பில் ஏறும். குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு விசைத்தறிகளுக்கு 2023-இல் இலவச மின்சாரம் இரு மாதத்துக்கு 750-இலிருந்து 1000 யூனிட் ஆயிற்று. ஒரு தவணையின் யூனிட் அடுத்த தவணையில் ஏறினால் அந்த வரம்பு தாண்டிவிடும். ஆலையானாலும் தறியானாலும் ஏறிய பில்லைக் காட்டி முதலாளி யாரிடம் கணக்குத் தீர்ப்பார்? கூலியில்தான்!

விவசாயத் தொழிலாளருக்கும் இது புதிதல்ல. நூறு நாள் வேலையில் செல்போன் வருகைப் பதிவு 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளத்திலும் கட்டாயமாயிற்று. மண் வெட்டியவர் வெட்டினார், சிக்னல் கிடைக்காததால் வருகை ஏறவில்லை, கூலி நின்றது. உழைப்பு நடந்தது, பதிவு இல்லை. குற்றம் கருவியுடையது, தண்டனை உழைத்தவருக்கு.

நாம் கோருவது இவை: விடுபட்ட குறிப்பை முதலில் மீட்டரிடமே திரும்பக் கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காமல் மதிப்பீடு செய்தால், ‘இது மதிப்பீடு’ என்று பில்லில் அச்சிட வேண்டும். உண்மைக் குறிப்பு கிடைத்ததும் பில்லைத் திருத்த வேண்டும். மதிப்பீட்டை வைத்து ஒரு வீட்டின் மின்சாரத்தையும் துண்டிக்கக் கூடாது. விடுபட்ட மணி நேரங்களின் பட்டியலைப் பிரிவு அலுவலகத்தில் வாரந்தோறும் ஒட்ட வேண்டும்.

தோழர்களே! சட்டத்தில் நமக்கு ஒரு பிடி உண்டு. 2024-இல் திருத்திய ஒன்றிய விதிகளின்படி, மீட்டர் கணக்கு சரியில்லை என்று புகார் கொடுத்தால் ஐந்து நாளில் இன்னொரு மீட்டர் மாட்டி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புகாரை எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். மாதம் ஒரு முறை மீட்டரைப் பார்த்து, தேதி போட்டு, நோட்டில் எழுதி வையுங்கள். அவர்களிடம் கணக்கு விடுபட்ட நாளில், நம் கையில் கணக்கு இருக்க வேண்டும்.