ஒரு முழ நூல்: லாபமா, நஷ்டமா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொல்கிறார். வீட்டார் சாமிக்குத் தேங்காய் உடைக்கிறார்கள். ஐந்தாம் நாள் தையல் போட்ட இடம் சிவக்கிறது. வீங்குகிறது. சீழ் கட்டுகிறது! வீட்டுக்குப் போகவேண்டியவர் மறுபடியும் படுக்கையில் விழுகிறார்.

இது அபூர்வமாக நடப்பது அல்ல. ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் ஆபரேஷன் செய்துகொள்ளும் 100 பேரில் 11 பேருக்குப் புண்ணில் கிருமி பிடிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ம் ஆண்டில் அறிவித்தது.

தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் ஏராளம். சுற்றிய பீடிக்குத்தான் கூலி. அப்படி ஒரு தாய்க்கு வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். புண் ஆறினால் கைக்குழந்தையோடு வீடு போய்ச் சேருவாள். சீழ் பிடித்தால்? கடையத்திலிருந்தோ ஆலங்குளத்திலிருந்தோ கட்டு மாற்றப் பஸ் ஏறவேண்டும். துணைக்கு வருகிறவருக்கும் அன்றைய கூலி போயிற்று. அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் போன கூலியை யார் தருவார்கள்?

இந்தத் துன்பத்தைத் தடுக்க ஒரு வழி சொல்கிறார்கள். தையல் போடும் நூலிலேயே கிருமியைக் கொல்லும் மருந்தைத் தடவிவிடுவது! அந்த நூலுக்கு விலை அதிகம். அதை வாங்குவது புத்திசாலித்தனமா? வீண் செலவா?

நூலில் மருந்து

காயத்தைத் தைக்க மனிதன் ஆதி காலத்திலிருந்தே வழி தேடியிருக்கிறான். சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய வைத்திய ஏட்டில் ஒரு விந்தையான முறை இருக்கிறது. குடலில் கிழிசல் ஏற்பட்டால் பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்கவிட்டு அதை மூடச் சொல்கிறது!

1865-ம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 11 வயதுச் சிறுவன் ஒருவனின் காலில் வண்டிச் சக்கரம் ஏறியது. எலும்பு முறிந்தது. தோலும் கிழிந்தது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காலை வெட்டி எடுப்பதே வழக்கம். ஜோசப் லிஸ்டர் என்ற டாக்டர் கார்பாலிக் அமிலம் நனைத்த துணியால் கட்டினார். புண்ணில் சீழ் பிடிக்கவில்லை. கால் பிழைத்தது! பிறகு அவர் தையல் நூலையும் அந்த அமிலத்தில் ஊறவைத்தார். ஆகவே மருந்து நூல் என்ற எண்ணம் 150 ஆண்டுப் பழசு.

நூல் உடம்புக்கு அந்நியப் பொருள். கிருமிகள் அதில் ஒட்டிக்கொண்டு கூட்டமாகப் பெருகும். 1957-ம் ஆண்டில் இங்கிலாந்தில் எலெக், கோனென் என்ற இருவர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். வெறும் தோலுக்குள் சீழ் பிடிக்கப் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. பட்டு நூல் ஒன்று உள்ளே இருந்தால் சில நூறு கிருமிகளே போதும்!

இப்போதைய மருந்து நூலில் டிரைகுளோசான் என்ற மருந்தைத் தடவுகிறார்கள். 2002-ம் ஆண்டில் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

காசுக் கணக்கு

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் விளங்குவதற்காக மட்டுமே. கடை விலை அல்ல.

ஓர் ஆபரேஷனுக்கு மருந்து நூலால் 200 ரூபாய் கூடுதல் செலவு. 100 ஆபரேஷனுக்கு 20,000 ரூபாய். ஒருவருக்குச் சீழ் பிடித்தால் மருந்து, கட்டு, படுக்கை எல்லாம் சேர்த்து 10,000 ரூபாய்.

நூல் ஐந்து பேரைக் காப்பாற்றினால் 50,000 ரூபாய் மிச்சம். நூல் செலவு போக 30,000 ரூபாய் லாபம்! இரண்டு பேரைக் காப்பாற்றினால் வரவும் செலவும் சரி. ஒருவரை மட்டும் காப்பாற்றினால் 10,000 ரூபாய் நஷ்டம். ஒருவரையும் காப்பாற்றாவிட்டால் 20,000 ரூபாயும் தண்ணீரில் போட்டது போலத்தான்.

ஆகவே நூலின் விலையை மட்டும் பார்ப்பது தப்பு. எத்தனை பேரைக் காப்பாற்றுகிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

இங்கிலாந்தில் நைஸ் என்ற அரசு அமைப்பு 2021-ம் ஆண்டில் இந்தக் கணக்கைப் போட்டது. மருந்து நூலால் நோயாளி ஒருவருக்குச் சராசரி 13 பவுண்டுக்கு மேல் மிச்சம் என்று கண்டது. உலக சுகாதார நிறுவனமும் 2016-ம் ஆண்டில் மருந்து நூலைப் பயன்படுத்தலாம் என்று யோசனை கூறியது. ஆனால் கட்டாயம் என்று சொல்லவில்லை.

54 ஆஸ்பத்திரிகளின் பதில்

அப்படியானால் உடனே வாங்கிவிடலாமா? பொறுங்கள்!

இந்தியா உள்பட ஏழு நாடுகளில், 54 ஆஸ்பத்திரிகளில், 5,788 நோயாளிகளிடம் ஒரு பெரிய சோதனை நடந்தது. எல்லோருக்கும் வயிற்றில் ஆபரேஷன். சிலருக்கு மருந்து நூல். சிலருக்குச் சாதாரண நூல். 2021-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. மருந்து நூல் மேலானது என்று நிரூபணம் ஆகவில்லை! மொத்தத்தில் 100 பேரில் 22 பேருக்குப் புண்ணில் கிருமி பிடித்திருந்தது.

ஏன் இப்படி? கூரையில் பத்து ஓட்டை இருக்கிறது. ஒன்றை மட்டும் அடைத்தால் வீடு நனையாமல் இருக்குமா? குற்றாலச் சாரலைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிருமி நூல் வழியாக மட்டும் வருவதில்லை. கை வழியாக வரும். கத்தி வழியாக வரும். நோயாளியின் தோலிலிருந்தும் குடலிலிருந்தும் வரும்.

அதே ஏழு நாடுகளில் இன்னொரு சோதனையும் நடந்தது. 81 ஆஸ்பத்திரிகள். 13,301 நோயாளிகள். 2022-ம் ஆண்டில் முடிவு வந்தது. அங்கே புதிய நூல் எதுவும் இல்லை. வயிற்றைத் தைத்து மூடும் முன் டாக்டரும் நர்சும் பழைய கையுறையைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டார்கள். ஆயுதங்களையும் மாற்றினார்கள். அவ்வளவுதான்! மாற்றாத இடங்களில் 100-க்கு 19 பேருக்குக் கிருமி பிடித்தது. மாற்றிய இடங்களில் 16 பேருக்கு. 100 பேரில் மூன்று பேர் தப்பினார்கள்!

எது முதலில்?

சங்கரன்கோவில் நெசவாளி நூலின் தரம் பார்த்துத்தான் வாங்குவார். ஆனால் தறி பழுதாக இருக்கும்போது விலை உயர்ந்த நூலைத் தேடி ஓடமாட்டார். முதலில் தறியைச் சரிசெய்வார். ஆஸ்பத்திரிக்கும் அந்த விவேகம் வேண்டும்.

தைக்கும் முன் கையுறையும் ஆயுதமும் மாற்றுவது எல்லா இடத்திலும் வழக்கமாகட்டும். கிருமிக் கொல்லி மருந்தைக் கத்தி வைப்பதற்கு முந்திய இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அதை நாள்கணக்கில் நீட்டிக்கொண்டு போகவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது.

அடுத்தது, எண்ணிக்கை. ஆபரேஷன் ஆனவர்களை 30 நாள் வரை விசாரித்து, யாருக்குச் சீழ் பிடித்தது என்று ஒரு பதிவேட்டில் எழுதவேண்டும். தென்காசி போன்ற மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளில் இதைச் செய்ய ஒரு நோட்டும், விசாரிக்க ஒரு போனும் போதும். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தும் தையல் நூலும் மொத்தமாக வாங்குவது 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். எந்த ஆபரேஷனில் எத்தனை பேருக்குச் சீழ் பிடிக்கிறது என்ற கணக்கு கையில் இருந்தால், மருந்து நூல் எங்கே பலன் தரும், எங்கே தராது என்று தீர்மானிப்பது சுலபம். கணக்கு இல்லாமல் வாங்குவதும் தப்பு. கணக்கு இல்லாமல் மறுப்பதும் தப்பு!

வீட்டார் கடமை

நோயாளியின் வீட்டாருக்கும் பொறுப்பு உண்டு. ஆபரேஷனுக்கு முன் சோப்புப் போட்டுக் குளிக்கவேண்டும். வீட்டில் பிளேடு கொண்டு முடியைச் சிரைக்கக் கூடாது. சிரைத்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அதில் கிருமி புகும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைக்கவேண்டும். பீடி, சிகரெட்டை விட்டுவிடவேண்டும். புகை புண் ஆறுவதைத் தடுக்கும்.

தையல் மேல் பச்சிலையோ சாம்பலோ மஞ்சளோ அப்ப வேண்டாம். சீசன் வந்துவிட்டதே என்று பச்சைப் புண்ணோடு அருவியில் தலை கொடுக்கவும் வேண்டாம். டாக்டர் உத்தரவு தந்தபிறகு குளித்துக்கொள்ளலாம். குற்றால அருவி எங்கும் ஓடிப்போகாது!

புண் சிவந்தாலோ, வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

நல்ல நூல் வரட்டும். வேண்டாம் என்பார் இல்லை. ஆனால் சுத்தமான கைதான் அந்த நூலைப் பிடிக்கவேண்டும்.