கிடங்குக் கணக்கில் இரட்டைப் பெயர்

கணினியொன்றை வாங்கி வைத்துவிட்டால் கிடங்கு தானே சீர்ப்பட்டுவிடும் என்னும் நம்பிக்கை வணிகரிடையே வேரூன்றி வருகின்றது. சரக்கிருப்பு மென்பொருளின் பயனை மறுப்பார் இலர். எது குறைந்தது, எது முன்னர் வந்தது, எதனை முதலில் விற்றுத் தீர்த்தல் வேண்டும் என்பவற்றை அது நொடியிற் காட்டும். ஆயின், அஃது எம்மூட்டையையும் கண்ணாற் காண்பதன்று. பிறர் எழுதியதையே கூட்டிக் கழிப்பது.

அமெரிக்கப் பெருங்கடை நிறுவனமாகிய தார்கெட்டு 2013-இல் கனடாவிற் புகுந்து, 133 கடைகள் வரை திறந்தது. மென்பொருளுக்குக் குறைவில்லை. பதிவிலோ, அங்குலமும் செண்டிமீட்டரும் மயங்கின. நீளமும் அகலமும் இடம் மாறின. கிடங்குகள் பிதுங்கி வழிய, கடைத்தட்டுகள் வெறுமையாய்க் கிடந்தன. 2015 சனவரியில் அந்நாட்டை விட்டே வெளியேறுவதாக நிறுவனம் அறிவித்தது. ஏறத்தாழ 17,600 பேர் வேலையிழந்தனர். அத்தோல்விக்கு வேறு ஏதுக்களும் உண்டெனினும், பிழைபட்ட பதிவு அவற்றுள் முகன்மையானது.

அங்கே அளவு மயங்கியது. தமிழகத்திலோ பெயரே மயங்குகின்றது. இங்குள்ள கிடங்குகள் பலவற்றில் சரக்கின் தமிழ்ப்பெயர் ஆங்கில எழுத்திலேயே பதியப்படுகின்றது. புழுங்கலரிசியை எடுத்துக்கொள்க. ழகரத்துக்கு ஒருவர் 'எல்' இடுவார்; அடுத்த வேளைக்கு வருபவர் 'இசட் எச்' இடுவார். கணினிக்கு அவை வெவ்வேறு சரக்குகள்! 100 மூட்டை, ஒரு வரியில் 60, மற்றொரு வரியில் 40 எனப் பிரிந்து நிற்கும். 40-ஐ மட்டும் கண்ட கணக்கர் புதிதாய் வாங்குவார். பழைய 60-உம் மூலையிற் கிடந்து வண்டு பிடிக்கும். (இதற்குப் புதுமை என்று பெயர்!) சரக்குக்கு எண் கொடுத்தாற் போதாதோ எனின், அவ்வெண்ணைப் பெயரோடு பிணைப்பவரும் அவ்விருவரே அன்றோ?

ழகரத்தை ழகரமாகவே எழுதின் இம்மயக்கத்துக்கு இடமேது? ஒருங்குறியில் 1991-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. கணினியில் தமிழ் ஏறாது என்பது இனிச் சோம்பேறிகளின் பேச்சு.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. மூட்டையைச் சுமந்து அடுக்குபவரே இருப்பை நேரிற் கண்டவர். திரை தமிழில் இருப்பின், "அடுக்கில் 100 இருக்க, இங்கே 40 என்றிருப்பது ஏன்?" என்று அவரே கேட்பார். ஆங்கிலத் திரையின்முன் அவர் வாய்மூடி நிற்கின்றார். ஆகலின், மென்பொருளுக்கு விலை பேசும்போதே, சரக்குப் பட்டியல் தமிழெழுத்தில் அமைதல் வேண்டும், நாள்தோறும் ஓர் அடுக்கையேனும் சுமைப்பணியாளர் எண்ணித் திரையோடு ஒத்துப்பார்க்க வழி வேண்டும் என்று வணிகர் கேட்டல் வேண்டும். இயலாது என்பாரிடம் வாங்காது திரும்புதல் வேண்டும்.