மிக்ஸி போட்டால் இன்டர்நெட் போகுது!

"அம்மா! மிக்ஸியை நிறுத்து! மறுபடியும் போச்சு!"

2020-ஆம் வருஷம் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் எங்கள் ஆம்பூர் வீட்டில் தினமும் காலையில் கேட்ட சுப்ரபாதம் இதுதான். பெரியவள் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். கொரோனாவால் காலேஜ் மூடிக்கிடந்தது. கடைசிப் பரீட்சையை வீட்டிலேயே, கம்ப்யூட்டர் காமிரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மணி நேரப் பரீட்சை. நடுவில் லைன் அறுந்தால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே பெண்ணுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. செல்போன் சிக்னலோ எங்கள் தெருவில் மொட்டை மாடிக்குப் போனால்தான் கிடைக்கும். செப்டம்பர் வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்து பரீட்சை எழுத முடியுமா, நீங்களே சொல்லுங்கள்!

நான் மிக்ஸி போட்டால் லைன் போகும். யாராவது டெலிபோனில் கூப்பிட்டால் மணி அடிக்கும்போதே போகும். மற்ற நேரத்தில் ஆமை வேகம். "மிக்ஸிக்கும் இன்டர்நெட்டுக்கும் என்னடி சம்பந்தம்? நீயா ஏதாவது கற்பனை பண்ணிக்காதே" என்று நான்தான் முதலில் சிரித்தேன்.

இவருக்கு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை. சென்னையிலிருக்கும் மைத்துனர் பையன் போனில் சொல்லச் சொல்ல, அப்பாவும் பெண்ணுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மோடத்தின் செட்டிங்ஸை மாற்ற உட்கார்ந்தார்கள். 192.168.1.1 என்று அடித்தால் மோடத்துக்குள் போகிற பக்கம் வருகிறது. அதில் இதை மாற்று, அதை மாற்று என்று ஒரு மணி நேரம். கடைசியில் அரைகுறையாக வந்துகொண்டிருந்ததும் நின்றுபோயிற்று! பயந்துபோய் பின்னாலிருந்த சின்ன ரீசெட் பொத்தானையும் அழுத்திவிட்டார்கள். அதற்குள் இருந்த யூஸர் பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் அழிந்து, அவற்றைத் திரும்ப வாங்க இரண்டு நாள் ஆயிற்று.

தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். டெலிபோன் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றார். மோடத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"செட்டிங்கு கடைசிம்மா. ஒயரு எங்க நுழையுது, எங்கெங்க போவுது, அத்த மொதல்ல காட்டு" என்றார்.

இவருக்குச் சுருக்கென்றது. "உண்மைதான். தோலை விரிச்சு, ஓட்டை எங்கே, வடு எங்கேன்னு பார்க்காம நாங்க கத்தி வைக்க மாட்டோம். இதுல அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

பெரியவர் சொன்ன விஷயம் இதுதான். டெலிபோனுக்கு வருகிற அதே செம்புக் கம்பி ஜோடியில்தான் டி.எஸ்.எல். இன்டர்நெட்டும் வருகிறது. நம் பேச்சு நாலு கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். இன்டர்நெட் அதற்கு மேலே, சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் ஆரம்பித்து ஒரு மெகாஹெர்ட்ஸையும் தாண்டிப் போகிறது. இரண்டையும் பிரிக்கிறதுதான் ஸ்ப்ளிட்டர் என்கிற சின்ன டப்பா. வீட்டில் எத்தனை போன் இருந்தாலும் எல்லாம் அந்த டப்பாவுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டிலோ, மாமியார் அறைக்காக எப்போதோ இழுத்த இன்னொரு போன் டப்பாவுக்கு முன்னாலேயே தனியாகச் சேர்ந்திருந்தது. மணி அடித்தால் லைன் அறுந்ததற்குக் காரணம் அதுதான்.

மிக்ஸி? அதன் மோட்டாரில் கார்பன் பிரஷ் உண்டு. சுற்றும்போது அதில் பொறி பறக்கும். அந்தப் பொறி ரேடியோவில் 'கர்ர்' என்று இரைவதைக் கேட்டிருப்பீர்கள். அதே இரைச்சல் பக்கத்தில் ஓடும் டெலிபோன் ஒயரிலும் ஏறுகிறது. நல்ல டெலிபோன் ஒயரில் இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கி வரும். அப்படி இருந்தால் வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்து கழிந்துவிடும். நாங்கள் கடையில் மலிவாக வாங்கியதோ தட்டை ஒயர். முறுக்கே கிடையாது. அதைச் சமையலறைச் சுவர் வழியாக, கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டி, உள் அறைக்குக் கொண்டுபோயிருந்தோம். நடுவில் ஒரு ஒட்டு வேறு! வெறும் கையால் திருகி, மேலே டேப் சுற்றியது. அவிழ்த்துப் பார்த்தால் கம்பி பச்சை பூத்திருந்தது.

குற்றம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது, சகோதரிகளே! நான் யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னபடி நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், மாற்றுவதற்கு முன் மோடம் பக்கத்தில் இருந்த எண்களை நோட்டில் எழுதிக்கொண்டோம். 'ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று 'லைன் அட்டென்யுவேஷன்'. எக்ஸ்சேஞ்சிலிருந்து வருகிற வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்பது. இது குறைவாக இருந்தால் நல்லது. தூரம் கூடக் கூட இது ஏறும். இன்னொன்று 'எஸ்.என்.ஆர். மார்ஜின்'. இரைச்சலைத் தாங்க லைனிடம் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்பது. இது அதிகமாக இருந்தால் நல்லது. 6 டெசிபலுக்குக் கீழே போனால் எந்த நிமிஷமும் அறுகிற லைன். 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி. எங்களுக்கு அட்டென்யுவேஷன் 41, மார்ஜின் 5. மிக்ஸியைப் போட்டுப் பார்த்தோம். 5 என்பது 1 ஆகி, டி.எஸ்.எல். விளக்கு மினுக்க ஆரம்பித்தது!

இரண்டாவது, உள் ஒயர்களையெல்லாம் கழற்றிவிட்டு, தெருக் கம்பி வீட்டுக்குள் நுழைகிற முதல் பெட்டியிலேயே மோடத்தைச் சேர்த்துப் பார்த்தோம். அங்கே வேகம் நன்றாக இருந்தால் கோளாறு வீட்டுக்குள். அங்கேயும் மோசம் என்றால் கோளாறு வெளியில். அப்போது எழுதி வைத்த எண்களைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம். வெளிக் கம்பியில் நாம் கை வைக்கக் கூடாது.

மூன்றாவது, தட்டை ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, முறுக்கிய ஒயரை ஒட்டில்லாமல், கரண்ட் ஒயரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கூடம் வழியாக இழுத்தோம். மாமியாரின் போனை ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் மாற்றினோம். மோடம் முதல் பெட்டிக்குப் பக்கத்திலேயே குடியேறியது.

மறுபடி பார்த்தால் அட்டென்யுவேஷன் அதே 41. அது தூரத்தின் கணக்கு, மாறாது. ஆனால் மார்ஜின் 11! வேகம் ஒன்றரை மெகாபிட்டிலிருந்து, எங்கள் திட்டத்துக்கு உண்டான 4 மெகாபிட் முழுவதும் வந்துவிட்டது. செட்டிங்கில் ஒரு எழுத்தைக்கூட அப்போது மாற்றவில்லை.

"அப்ப செட்டிங்கே மாத்த வேணாமா?" என்று சின்னவள் கேட்டாள். உண்டு, ஆனால் கொஞ்சம்தான். வை-ஃபை சேனலை மாற்றலாம். சுற்றிலும் எல்லா வீடும் ஒரே சேனலில் இருந்தால் நெரிசல். 1, 6, 11 இந்த மூன்றில் காலியாக இருப்பதை வைக்கலாம். மோடத்தோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுவது மிகமிக அவசியம். யூஸர் பெயர் போட்டு உள்ளே போகிற பி.பி.பி.ஓ.இ. இணைப்பாக இருந்தால் 'எம்.டி.யூ.' 1492-க்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் சில வெப்சைட் திறக்காமல் அடம் பிடிக்கும். 'மாடுலேஷன்' என்பதை ஆட்டோவில் விட்டுவிடலாம். எக்ஸ்சேஞ்ச் ரொம்ப தூரமாகி அடிக்கடி அறுந்தால் மட்டும் ஏ.டி.எஸ்.எல்.2+ என்பதிலிருந்து பழைய ஜி.டி.எம்.டி.க்கு இறக்கிப் பார்க்கலாம். வேகம் கொஞ்சம் குறையும், லைன் நிலைத்து நிற்கும். 'வி.பி.ஐ., வி.சி.ஐ.' என்ற இரண்டு எண்களைத் தொடவே கூடாது. அவை மாறினால் மொத்தமும் நின்றுவிடும். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கூத்து அதனால் வந்ததுதான்!

வேகக் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. திட்டத்தில் சொல்வது 'பிட்', கம்ப்யூட்டர் காட்டுவது 'பைட்'. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 4 மெகாபிட் லைனில் நொடிக்கு அரை மெகாபைட் கூட வராது. அது ஏமாற்று இல்லை. நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே பிராட்பேண்ட் என்று 2004-ஆம் வருஷக் கொள்கையில் மத்திய அரசு சொல்லியிருந்தது. பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் 'டேட்டா ஒன்' என்று ஆரம்பித்தபோது அந்த வேகத்தையே பெரிதாக நினைத்தோம்.

பரீட்சை நாள் வந்தது. மோடத்தை நம்பினாலும் மனசு கேட்குமா? அன்று மிக்ஸிக்கு லீவு விட்டு, இட்லிக்கு மிளகாய்ப் பொடிதான். டெலிபோன் ரிஸீவரைக் கூட எடுத்துக் கீழே வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கதவுக்கு வெளியே நின்று பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை. வெளியே வந்த பெண், "எழுதிட்டேம்மா, பசிக்குது" என்றாள். எத்தனை நாள் கழித்து அந்த வார்த்தை!

பக்கத்து வீட்டம்மா ஷூ மேல்பாகம் கையால் தைத்துக் கொடுக்கிறவர். வேலை இல்லாத அந்த நாட்களில் இன்டர்நெட்டுக்கு எங்கே போவார்? "அக்கா, எம் பையன் பாடத்தை உங்க திண்ணையில குந்திப் பார்த்துக்கட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தப் பையனும் ஒன்பதாம் வகுப்பை எங்கள் திண்ணையில்தான் படித்தான். முன்பிருந்த லைனாக இருந்தால் 'முடியாதும்மா' என்று சொல்ல வேண்டி வந்திருக்கும்.

இப்போது பல வீடுகளுக்கு ஃபைபர் வந்துவிட்டது. அதில் வருவது வெளிச்சம், மிக்ஸி இரைச்சல் அதை ஒன்றும் செய்யாது. ஆனாலும் ரௌட்டரை அலமாரிக்குள் பூட்டாமல் நடுக்கூடத்தில் உயரமாக வைப்பதும், பாஸ்வேர்டை மாற்றுவதும் அதற்கும் பொருந்தும்.

செம்புக் கம்பி இருக்கிற வீடுகளுக்கு இன்னும் ஒரு வார்த்தை. இடி இடிக்கும்போது மோடத்தின் கரண்ட் பிளக்கை மட்டுமல்ல, டெலிபோன் ஒயரையும் கழற்றி வையுங்கள். டெலிபோன் ஒயரில் கரண்ட் இல்லை என்று நினைத்து ஈரக் கையோடு தொடாதீர்கள். மணி அடிக்கும்போது அதில் ஷாக் அடிக்கும்.

உங்கள் வீட்டில் யாராவது "செட்டிங்கை மாத்தினா வேகம் வரும்" என்று கிளம்பினால், முதலில் ஒரு டார்ச்சைக் கையில் கொடுத்து, ஒயர் எந்த வழியாக வருகிறது என்று பார்த்துவரச் சொல்லுங்கள். அதுவரை மிக்ஸியையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்!